துணையின்றி அமெரிக்கா வந்த பிள்ளை: பொறுப்பேற்பவர் தரும் தகவல் யார் கைக்குப் போகிறது?

அமெரிக்க எல்லையில் பெற்றோரோ சட்டக் காப்பாளரோ இல்லாமல் பிடிபடும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளையை, 72 மணி நேரத்துக்குள் சுகாதாரத் துறையின் அகதிகள் மீள்குடியமர்வு அலுவலகத்திடம் ஒப்படைக்க வேண்டும். 2008இன் ஆள்கடத்தல் தடுப்புச் சட்டம் வைத்த கெடு இது. இந்த அலுவலகத்தைச் சுருக்கமாக ஓஆர்ஆர் என்பார்கள். அங்கிருந்து பிள்ளையை வீட்டுக்கு அழைத்துப்போகப் பொறுப்பேற்கும் பெரியவர்தான் ஸ்பான்சர். பெற்றோருக்கு முதலிடம், அடுத்து அண்ணன், அக்கா, தாத்தா, பாட்டி, பிறகு அத்தை, மாமா, கடைசியில் தூரத்து உறவினரும் குடும்ப நண்பர்களும். உறவு விலக விலகச் சோதனை கடுமையாகும்.

ஸ்பான்சர்களில் பலருக்கே குடியேற்ற ஆவணம் கிடையாது. ஆனால் விண்ணப்பத்தில் முகவரி, வீட்டில் இருப்போர் பெயர், கைரேகை எல்லாம் தர வேண்டும். அது குடியேற்ற அமலாக்கத் துறையான ஐசிஇயிடம் போகுமா என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. பதில் ஆண்டுக்கு ஆண்டு மாறியிருக்கிறது.

2018 ஏப்ரலில் ஓஆர்ஆரும் ஐசிஇயும் ஒப்பந்தம் போட்டு, ஸ்பான்சர் விவரத்தோடு வீட்டாரின் விவரத்தையும் பகிர்ந்தன. அந்த ஆண்டு ஜூலை முதல் நவம்பர் வரை 170 பேர் கைதானார்கள். அவர்களில் 109 பேர் மேல் குற்றப் பதிவே இல்லை. பயந்துபோன உறவினர்கள் விண்ணப்பிக்கவே தயங்க, பிள்ளைகள் காப்பகங்களில் தேங்கினார்கள். 2019 நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு தடை வைத்தது: சுகாதாரத் துறை தந்த தகவலை வைத்து ஸ்பான்சரையோ வீட்டாரையோ பிடித்துவைக்கவோ நாடு கடத்தவோ பணம் செலவிடக் கூடாது. குழந்தை வதை போன்ற கடுங்குற்றங்களுக்கு விலக்கு உண்டு. இது ஒதுக்கீட்டுச் சட்டத்தோடு ஒட்டிய தடை என்பதால் நடப்பு ஆண்டில் இருக்கிறதா என்று வழக்கறிஞரிடம் கேட்டே முடிவெடுங்கள். வேறு வழியில் ஐசிஇக்குத் தகவல் கிடைத்தால் இந்தத் தடை உதவாது.

ஓஆர்ஆரின் 2024 விதி, குடியேற்ற நிலையை மட்டும் காரணம் காட்டி ஸ்பான்சரை நிராகரிக்கக் கூடாது, அந்த நிலையை அமலாக்கத்துக்குச் சொல்லவும் கூடாது என்றது. 2025 மார்ச்சில் அரசு அந்தப் பகுதியை நீக்கிவிட்டது. கூடவே வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் கைரேகை, ரத்த உறவு என்றால் டிஎன்ஏ சோதனை, வருமானச் சான்று எல்லாம் கட்டாயமாயின. வருமானத்துக்கு வரிக் கணக்கு, 60 நாள் சம்பளச் சீட்டு, முதலாளியின் கடிதம் ஆகியவற்றில் ஒன்று கேட்பார்கள். ரொக்கக் கூலி வாங்குபவர் மாட்டுவது இங்கேதான். ஏப்ரல் 22 அல்லது அதற்கு முன் தொடங்கிய விண்ணப்பங்கள் சிலவற்றுக்கு தலைநகர் வாஷிங்டனில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் ஜூனில் இடைக்கால நிவாரணம் தந்தது.

வீட்டில் கூடத் தங்கியிருப்பவரை விண்ணப்பத்தில் மறைப்பதும், இன்னொருவர் அடையாள அட்டையைக் கொடுப்பதும் தனிக் குற்றம். பிள்ளை கிடைக்காததோடு வழக்கும் வரும். தரகருக்குப் பணம் கொடுத்து வரவழைத்ததாகச் சந்தேகம் வந்தால், ஆளைக் கள்ளத்தனமாக எல்லை தாண்ட வைத்த குற்றப் பிரிவில் வழக்கு வரலாம். 2017 கோடையில் அந்தப் பெயரில் நடந்த வேட்டையில் சுமார் 400 பேர் பிடிபட்டார்கள். தரகர் பற்றி யார் கேட்டாலும் வழக்கறிஞர் இல்லாமல் வாய் திறக்க வேண்டாம்.

பிள்ளையின் நலம் பார்க்க வந்ததாகச் சொல்லி அதிகாரிகள் கதவைத் தட்டினால், திறக்காமலே, அவர்களிடம் உள்ள வாரண்ட் தாளைக் கதவடியில் தள்ளச் சொல்லலாம். குடியேற்றத் துறையே தரும் கைது வாரண்டான ஐ-200 அல்லது நாடு கடத்தும் வாரண்டான ஐ-205 படிவத்தில் குடியேற்ற அதிகாரிதான் கையெழுத்திடுவார். மேலே உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் பெயர் இருக்கும். நீதிமன்றத்தின் பெயரும் நீதிபதி கையெழுத்தும் உள்ள வாரண்ட் வேறு. முதல் வகைத் தாளை வைத்துச் சம்மதமின்றி வீட்டுக்குள் நுழைய முடியாது என்பதே நெடுநாள் நிலை. அண்மையில் அரசுத் தரப்பு இதையே மாற்றப் பார்க்கிறது. சண்டை பிடிக்காதீர்கள், சம்மதமில்லை என்று மட்டும் சொல்லுங்கள்.

வீடு மாறினால் குடியேற்ற நீதிமன்றத்துக்கு முகவரி மாற்றம் சொல்லும் இஓஐஆர்-33 படிவம் 5 வேலை நாளில், குடியேற்றச் சேவைத் துறைக்கு ஏஆர்-11 படிவம் 10 நாளில் போக வேண்டும். முகவரி மாறியதைச் சொல்லாததால் அழைப்பாணை பழைய வீட்டுக்குப் போய், பிள்ளை இல்லாமலே நாடு கடத்தும் உத்தரவு பிறப்பதுண்டு.

பெற்றோர் அல்லாத ஸ்பான்சர், பிள்ளை வந்ததுமே தானாகச் சட்டக் காப்பாளர் ஆகிவிடுவதில்லை. உள்ளூர் நீதிமன்றத்தில் தனியாக மனு போட வேண்டும். தான் கைதானால் பிள்ளையை யார் பார்ப்பது என்பதையும் வழக்கறிஞர் மூலம் இப்போதே எழுதிவைத்து, அந்த நபரின் எண்ணைப் பள்ளியின் அவசரத் தொடர்பு அட்டையில் சேர்த்துவிடுங்கள்.