இல்லத்துப் பிள்ளைக்கு மாறாத ஓர் ஆள் வேண்டும்

இலங்கை மலையகத்தில் ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கத்துச் சிறுவர் இல்லங்களுக்கு உளவளத்துணையாளராகப் போய்வருகிறேன். அங்குள்ள பிள்ளைகளைப் பற்றி வெளியில் கேட்கும் முதல் கேள்வி, "அநாதைப் பிள்ளைகளா?" என்பதுதான். பெரும்பாலானோர் அநாதைகள் இல்லை. தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். அம்மா குவைத்துக்கோ சவூதிக்கோ வீட்டு வேலைக்குப் போயிருப்பார், அப்பா குடியில் விழுந்திருப்பார். தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், அம்மாச்சி பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கும் முடியாமல் போனதும் நன்னடத்தை உத்தியோகத்தர், நீதிமன்றம், இல்லம் என்று பிள்ளை கைமாறிவிடும்.

இந்தப் பிள்ளைகளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் கட்டில், கம்பளி, கம்ப்யூட்டர் என்று பதில் வருகிறது. வேண்டும்தான். ஆனால் நான் முதலில் விசாரிப்பது வேறு: இரவில் பிள்ளை அழுதால் எழுந்து வருவது யார்? அடுத்த வருடமும் அவரேதான் வருவாரா?

புதிதாக வரும் பிள்ளைகள் பலர் சாப்பாட்டை ஒளித்து வைப்பார்கள். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி காலை ரொட்டியில் பாதியைத் தலையணை உறைக்குள் செருகிவிடுவாள். எறும்பு மொய்த்துப் படுக்கையே நாறிப்போனது. அவளைப் பார்த்துக்கொண்ட பராமரிப்பாளர் அக்கா திட்டவில்லை. மூடியுள்ள பிஸ்கட் டின் ஒன்றைக் கட்டிலுக்கடியில் வைத்து, "இது ஒன்னோடது. பசிச்சா எடுத்துக்க. முடிஞ்சா எங்கிட்ட சொல்லு, போட்டுத் தாறேன்" என்றார். கொஞ்ச நாள் அடிக்கடி டின்னைத் திறந்து பார்த்தாள். அப்புறம் அந்த நினைப்பே இல்லாமல் போய்விட்டது. 'திருட்டுப் பழக்கம்' என்று அடித்திருந்தால் ஒளிப்பதை விட்டிருக்க மாட்டாள், இன்னும் நல்ல இடமாகத் தேடியிருப்பாள். கேட்டால் கிடைக்கும் என்று நம்பப் பழகிய பிள்ளைதான் நாளைக்கு விளங்காத கணக்கையும் டீச்சரிடம் கேட்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வாசலில் யார் வந்தாலும் ஓடிவந்து மடியில் ஏறும் சின்னப் பிள்ளையைப் பார்த்து, "எவ்வளவு பாசம்!" என்று வருபவர்கள் நெகிழ்கிறார்கள். எனக்கு அது கவலை. தனக்கென்று ஒருவர் இல்லாத குழந்தை எல்லோரையும் ஒன்றாகவே பார்க்கும், முன்பின் தெரியாதவரோடும் போய்விடும்.

ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000களின் தொடக்கத்தில் 136 இல்லக் குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு தொடங்கினார்கள். பாதிப்பேரைப் பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். அந்தப் பிள்ளைகளின் அறிவு வளர்ச்சியும் ஒருவரோடு ஒட்டும் திறனும் இல்லத்திலேயே தங்கிய பிள்ளைகளைவிட மேலாக இருந்தன. இரண்டு வயதுக்கு முன் போனவர்களிடம் பலன் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளைக் குடும்பச் சூழலில்தான் வளர்க்க வேண்டும் என்று 2009 இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட வழிகாட்டலும் சொல்கிறது.

சரி, இல்லத்தில் இருக்கும் பிள்ளைக்கு என்ன செய்யலாம்? பராமரிப்பாளர்களை அடிக்கடி மாற்றாதீர்கள். ஒவ்வொருவருக்கும் சில பிள்ளைகளைப் பொறுப்பாகக் கொடுங்கள். குறைந்த சம்பளத்தில், லீவு இல்லாமல், இரவும் பகலும் நிற்கும் பெண்ணிடம் பொறுமையை மட்டும் எதிர்பார்ப்பது அநியாயம். அவர் களைத்து விலகும் ஒவ்வொரு தடவையும் பிள்ளை இன்னொரு தாயை இழக்கிறது. பிறந்தநாள் சாப்பாடு கொடுக்க வரும் நல்ல மனம் கொண்டவர்களே, பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்துப் படம் எடுக்காதீர்கள். அந்தச் செலவில் ஒரு பராமரிப்பாளரின் லீவு நாளுக்கு மாற்று ஆள் வைக்க முடியுமா என்று நிர்வாகத்திடம் கேளுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் தாய்மாரே, வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம் வட்ஸ்அப்பில் பேசுங்கள். விளையாட்டுச் சாமான் அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை. வருகிற மாதம் வருவேன் என்று மட்டும், டிக்கெட் கையில் இல்லாமல் சொல்லாதீர்கள். பிள்ளை நாள்காட்டியில் கோடு போட்டுக்கொண்டிருக்கும்.

பதினெட்டு வயதில் இல்லத்தை விட்டுப் போகும் பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வங்கிக் கணக்கு மூன்றும் கையில் இருக்க வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்குப் பிறப்புப் பதிவிலேயே சிக்கல் இருக்கும், அதனால் சாதாரண தரப் பரீட்சைக்கு முன்பே பிரதேச செயலகத்துச் சிறுவர் உரிமை உத்தியோகத்தரைப் பிடியுங்கள். ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள், தமிழிலேயே பேசலாம்.