ரேடியேட்டரில் ஏன் குழாய்த் தண்ணீர் ஊற்றக் கூடாது?

கோடை விடுமுறையில் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிச் செல்பவர்கள், பானெட்டைத் திறந்து வைத்துவிட்டுக் கையில் தண்ணீர் பாட்டிலுடன் சாலையோரம் நிற்கும் ஒருவரையாவது பார்த்திருப்பார்கள். எஞ்சின் கொதித்துவிட்டது, தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும் என்பது அவரது நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு ஒரு பழைய நியாயம் உண்டு. அம்பாசிடர் காரில் நெடுங்காலம் இருந்த 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினின் உடல், தலை இரண்டுமே வார்ப்பிரும்பால் ஆனவை. காலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, குறைந்திருந்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு வண்டியை எடுப்பது அந்தக் காலத்து ஓட்டுநர்களின் அன்றாடக் கடமை. இன்றைய கார்களில் சிலிண்டர் தலை அலுமினியத்தால் ஆனது; பலவற்றில் எஞ்சின் உடலும் அலுமினியம்தான். உலோகம் மாறிய பிறகும் பழக்கம் மாறவில்லை என்பதே சிக்கல்.

பெட்ரோல் பற்றி எரியும் கணத்தில் சிலிண்டருக்குள் இருக்கும் வாயுவின் வெப்பநிலை 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். ஆயினும் எஞ்சின் உருகாமல் இருக்கிறதென்றால், அந்த உச்ச வெப்பம் நொடியில் மிகச் சிறு பகுதியே நீடிப்பதும், சிலிண்டர் சுவரின் மறுபக்கத்தில் ஒரு திரவம் இடைவிடாமல் ஓடி வெப்பத்தை அள்ளிச் செல்வதும்தான் காரணம். எரிபொருளில் உள்ள ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியே போகிறது. அதற்கு நிகரான இன்னொரு பங்கைச் சுமந்து வெளியேற்றும் பொறுப்பு பெரும்பாலும் இந்தத் திரவத்துடையது. அதாவது, சக்கரத்தைச் சுழற்றப் பயன்படும் ஆற்றலுக்கு இணையான வெப்பம் ரேடியேட்டர் வழியாகக் காற்றில் கலந்துகொண்டிருக்கிறது.

தொடக்கக் காலக் கார்களில் இந்தத் திரவம் திரும்பி வராது. 1888ஆம் ஆண்டு, காரை உருவாக்கிய கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ் தம் இரு மகன்களுடன் ஜெர்மனியின் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை சென்ற புகழ்பெற்ற பயணத்தில், வண்டியின் தண்ணீர் கொதித்து ஆவியாகியே எஞ்சினைக் குளிர்வித்தது; ஆகவே வழிநெடுகத் தண்ணீர் தேடி நிரப்ப வேண்டியிருந்தது. பின்னர் 1900ஆம் ஆண்டு வாக்கில் ஜெர்மானியப் பொறியாளர் வில்ஹெல்ம் மேபாக் தேன்கூட்டு வடிவ ரேடியேட்டரை உருவாக்கினார். ஆயிரக்கணக்கான சிறு குழாய்களுக்குள் காற்று புகுந்து செல்ல, சில லிட்டர் தண்ணீரே சுற்றிச் சுற்றி வந்து போதுமானதாயிற்று. இன்றைய ரேடியேட்டரின் மூதாதை அதுவே.

சுற்றிவரும் அந்தத் திரவம் கொதிக்கக் கூடாது. கொதித்தால் உலோகத்தை ஒட்டி ஆவிப்படலம் உருவாகும். ஆவி, திரவத்தைப் போல வெப்பத்தை வாங்கிக்கொள்ளாது. ஆகவேதான் ரேடியேட்டர் மூடி வெறும் மூடியாக இல்லாமல் ஒரு வால்வாகவும் இருக்கிறது. அதன் மேல் 0.9 அல்லது 1.1 என்பதுபோல ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். உள்ளே அத்தனை பார் (அழுத்தத்தின் அலகு) அளவுக்குக் கூடுதல் அழுத்தம் ஏறும்வரை அது திறக்காது. பிரஷர் குக்கரில் நடப்பதும் இதுதான்: வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் ஒரு பார் கூடினால், தண்ணீர் 100 டிகிரிக்குப் பதிலாக ஏறக்குறைய 120 டிகிரியில்தான் கொதிக்கும். சூடான எஞ்சினின் மூடியைத் திறப்பவர், விசில் அடங்காத குக்கரைத் திறப்பவருக்கு ஒப்பானவர். அழுத்தம் ஒரே கணத்தில் விழ, 110 டிகிரியில் அமைதியாக இருந்த திரவம் சட்டென்று கொதித்து முகத்திலும் கையிலும் பீய்ச்சியடிக்கும். மூடியின் மேல் துணியைப் போட்டுத் திறப்பதும் பாதுகாப்பு ஆகாது. எஞ்சின் ஆறும்வரை, அரை மணி நேரமோ அதற்கு மேலோ, காத்திருப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

இனி அந்தத் திரவத்துக்கு, அதாவது கூலண்டுக்கு, வருவோம். பெரும்பாலும் அது எத்திலீன் கிளைக்காலும், தூய நீரும், அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருள்களும் சேர்ந்த கலவை. நம் சமவெளியில் தண்ணீர் உறையப் போவதில்லை, பிறகு கிளைக்கால் எதற்கு என்று கேட்பது நியாயமான கேள்வி. வெப்பத்தைச் சுமக்கும் திறனில் தூய நீரே சிறந்தது. கிளைக்கால் கலந்தால் அந்தத் திறன் குறையவே செய்கிறது. ஆனால் பாதிக்குப் பாதி கலந்த கலவை, திறந்த பாத்திரத்திலேயே 107 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். அதைவிட முக்கியமானவை அந்த அரிப்புத் தடுப்பான்கள். எஞ்சினின் குளிர்விப்புப் பாதையில் அலுமினியம், இரும்பு, சில இடங்களில் செம்பு என்று வெவ்வேறு உலோகங்கள் ஒரே திரவத்தில் நனைந்து நிற்கின்றன. இரு வேறு உலோகங்களும் நடுவில் உப்பு கலந்த நீரும் இருந்தால் அது ஒரு மின்கலம். அந்த மின்கலத்தில் கரைந்து போவது பெரும்பாலும் அலுமினியம்.

நம் ஊர்த் தண்ணீர் இந்தக் கேட்டை இரு மடங்காக்குகிறது. சென்னையின் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வரும் உப்புத் தண்ணீரைக் காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதை எல்லோரும் பார்த்திருப்போம். நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூட்டில் சிதைந்து, கரையாத கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. மிகச் சூடான இடத்தில்தான் அது முதலில் படியும் என்பதால், எஞ்சினில் எங்கே வெப்பம் வேகமாக வெளியேற வேண்டுமோ அங்கேயே காறை கட்டுகிறது. அந்தக் காறை, வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியத்தின் நூறில் ஒரு பங்கு அளவே திறன் கொண்டது. அதே நீரில் உள்ள குளோரைடு, அலுமினியத்தில் ஊசி முனை அளவு குழிகளைத் தோண்டுகிறது. ஒருநாள் குழாய்த் தண்ணீர் ஊற்றியதால் எதுவும் நேர்ந்துவிடாது. இரண்டு மூன்று ஆண்டுகள் ஊற்றிய பிறகே ரேடியேட்டர் ஒழுகும், திரவத்தைச் சுற்றவிடும் பம்ப் தேயும். அப்போது யாரும் தண்ணீரைக் குற்றம் சொல்வதில்லை, அதனால்தான் இந்தத் தவறு தொடர்ந்து நடக்கிறது.

இன்னொரு பழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் தெர்மோஸ்டாட் என்னும் சிறு கதவு உண்டு. அதனுள் அடைபட்ட மெழுகு, 80 முதல் 90 டிகிரிக்குள் உருகி விரிந்து கதவைத் தள்ளித் திறக்கும். அதுவரை திரவம் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். வெயில் நாட்டுக்கு இது தேவையில்லை என்று சில மெக்கானிக்குகள் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். இது தவறு. எஞ்சின் உரிய சூட்டை எட்டாவிட்டால் எரிபொருள் கூடுதலாகச் செலவாகும், ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகாமல் தங்கும், தேய்மானம் கூடும். பழுதான தெர்மோஸ்டாட்டுக்குப் பதில் புதியதைப் போடுவதே முறை.

உரிமையாளர் செய்ய வேண்டியதோ எளிது. வாரம் ஒருமுறை, எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை வேளையில், ரிசர்வ் டேங்கில் கூலண்ட் இரு கோடுகளுக்கு நடுவில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். அடிக்கடி குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். ஊற்றி ஊற்றி மறைக்காமல் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆயில் மூடியின் உட்புறம் மோர் போன்ற வெண்மை திரண்டிருந்தாலோ, எஞ்சின் சூடான பிறகும் புகைக்குழாயிலிருந்து இனிப்பு வாடையுடன் வெண்புகை தொடர்ந்து வந்தாலோ ஹெட் கேஸ்கெட்டை, அதாவது எஞ்சின் உடலுக்கும் தலைக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் தகட்டை, சந்தேகிக்கலாம். கூலண்டின் நிறத்தை நம்பி வாங்கக் கூடாது, ஏனெனில் பச்சை, சிவப்பு, நீலம் என்பவற்றுக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான பொருள் இல்லை. கார் கையேடு சொல்லும் வகையையே, அது சொல்லும் இடைவெளியில் மாற்ற வேண்டும். அடர்கூலண்ட் வாங்கினால் டிஸ்டில்டு வாட்டர் சேர்த்துக் கலக்க வேண்டும்; ஏற்கெனவே கலந்து விற்பதில் எதையும் சேர்க்க வேண்டியதில்லை.

மலைப்பாதையில் எஞ்சின் முழு வலுவில் உழைக்கிறது, வண்டியோ மெதுவாகப் போவதால் எதிர்க்காற்று குறைவு. பெரும்பாலான கார்களில் தண்ணீர் பம்ப் எஞ்சினோடு சேர்ந்தே சுழல்வதால், உயர்ந்த கியரில் திணறடித்து ஓட்டும்போது திரவ ஓட்டமும் தளர்ந்துவிடும். கியரைக் குறைத்து ஏறுவது நல்லது. எஞ்சின் வெப்பநிலையைக் காட்டும் முள் மேலே ஏறத் தொடங்கினால் ஏ.சி.யை நிறுத்துங்கள், ஏனென்றால் அதன் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் நின்று சூடான காற்றையே அதற்கு அனுப்புகிறது. புழுக்கமாக இருந்தாலும் ஹீட்டரை முழு அளவில் வையுங்கள்; அதுவும் ஒரு சிறு ரேடியேட்டர்தான். முள் சிவப்பைத் தொட்டுவிட்டால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். அடுத்த வளைவு வரை போய்விடலாம் என்று எண்ணினால், அந்த இடைவெளியில் சிலிண்டர் தலை வளைந்துவிடக் கூடும்.

நன்றாக ஆறிய பிறகு, கையில் வேறு எதுவும் இல்லையென்றால் குடிதண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போகலாம். அங்கே முழுவதையும் வடித்து, கழுவி, புதுக் கூலண்ட் நிரப்பச் சொல்லுங்கள். வடித்ததைத் தெருவில் ஊற்ற விடாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். தேங்கி நிற்கும் அந்த இனிப்பை நக்கும் தெருநாய்க்குச் சிறுநீரகம் பழுதாகி உயிர் போகும், குழந்தைகளுக்கும் அதே ஆபத்து உண்டு. மீதமுள்ள கூலண்ட் கேனை வீட்டில் எட்டாத உயரத்தில், பூட்டி வையுங்கள்.