சுக்ஸ்வாங்: சும்மா இருக்க முடியாத சங்கடம்

சதுரங்கத்துக்கு வந்த ஜெர்மன் சொல். 'ட்ஸூக்' என்றால் நகர்வு, 'ட்ஸ்வாங்' என்றால் கட்டாயம். 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மன் சதுரங்க எழுத்தில் புழங்கியது. நம் ஊர் ஆட்டக்காரர்கள் வாயில் அது சுக்ஸ்வாங் ஆகிவிட்டது.

வசமாக மாட்டிக்கொள்வதுதான் சுக்ஸ்வாங் என்று பலர் நினைக்கிறார்கள். அது போதாது. காயைத் தொடாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது, தொட்டால்தான் கெடும். ஆனால் சதுரங்கத்தில் 'பாஸ்' கிடையாது, அதாவது நகராமல் முறையை விட்டுவிட முடியாது. இதுதான் சங்கதி.

பலகையில் மூன்றே காய்களை வையுங்கள் (வெள்ளையின் பக்கமிருந்து பார்த்தால் இடமிருந்து வலமாக ஏ முதல் ஹெச் வரை, கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரை கட்டங்களின் பெயர்): கறுப்பு ராஜா இ8, வெள்ளைச் சிப்பாய் இ7, வெள்ளை ராஜா எஃப்6. கறுப்பின் முறை என்றால் ராஜா டி7க்குப் போயே ஆகவேண்டும். உடனே வெள்ளை ராஜா எஃப்7க்கு வர, சிப்பாய் கடைசி வரிசையை எட்டி ராணியாகிவிடும். வெள்ளையின் முறை என்றால்? ராஜாவை இ6இல் வைத்தால் ஸ்டேல்மேட் (செக் இல்லை, ஆனால் கறுப்புக்கு நகர இடமும் இல்லை), வேறெங்கு வைத்தாலும் சிப்பாய் போச்சு. எப்படியும் டிரா.

காய்கள் குறைந்த கடைசிக் கட்டத்தில்தான் இது வழக்கமாக நேரும். 1923இல் கோபன்ஹேகனில் நிம்சோவிச் என்ற சதுரங்க வீரர் ஆடிய ஆட்டமோ, காய்கள் நிறைந்திருக்கும்போதே அது நேர்ந்ததால்தான் பேர்பெற்றது. எதிரில் வெள்ளைக் காய்களோடு ஸேமிஷ். கறுப்பு ஆடிய தொடக்க முறை குயின்ஸ் இண்டியன் டிஃபென்ஸ். 20ஆம் நகர்வில் குதிரையை விட்டுக்கொடுத்தார் நிம்சோவிச். 25ஆம் நகர்வில், ஓரத்துச் சிப்பாயை ஹெச்6க்கு ஒரே ஒரு கட்டம் தள்ளினார். அவ்வளவுதான், ஸேமிஷ் தோல்வியை ஒப்புக்கொண்டார். ராணி, இரண்டு யானை, இரண்டு மந்திரி, ஒரு குதிரை, எல்லாம் பலகையில் இருந்தன! ராஜாவை ஹெச்2க்கு நகர்த்தினால் ராணி போகும். டி2 மந்திரி சி1க்குப் போனால் குதிரை போகும். உடனே கெடாதவை இரண்டொரு சிப்பாய் நகர்வுகள்தான், அவையும் சீக்கிரம் தீர்ந்துவிடும். வெள்ளைக்கு 'பாஸ்' கொடுத்திருந்தாலும் கறுப்பே ஜெயித்திருக்கும், ஆகவே இது அசல் சுக்ஸ்வாங் இல்லை என்று வாதிடுவோரும் உண்டு. வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆட்டத்தின் அழகு அதனால் குறையவில்லை.

சரி, தமிழில்? 'இருதலைக் கொள்ளி எறும்பு' கிட்டத்தட்ட வருகிறது. ஆனால் அந்த எறும்பு அசையாமல் இருந்தாலும் வெந்துபோகும். 'ஆடுகட்டாயம்' சுருக்கமாக இருந்தாலும் கசாப்புக்கடை நினைவு வருகிறது. 'நகர்வுக் கட்டாயம்' என்பதே என் தேர்வு. எல்லா நகர்வும் கட்டாயம்தானே, இதில் கேடு எங்கே தெரிகிறது என்று கேட்கலாம். ஜெர்மன் சொல்லிலும் அது தெரிவதில்லை. பழக்கத்தில்தான் அந்தப் பொருள் ஏறியது. "கறுப்பு நகர்வுக் கட்டாயத்தில் சிக்கியது" என்று நாலு வர்ணனையில் சொன்னால் இதிலும் ஏறிவிடும்.