தானியம் அல்ல, ரேகை

நகைப்பெட்டி செய்யும் காணொளி ஒன்றில் தமிழில் ஓடிய வாசகம்: ‘நான்கு பக்கமும் தானியம் பொருந்த வேண்டும்.’ தேக்குப் பலகையில் கம்பும் சோளமும் எப்போது முளைத்தன? இந்த ‘மரத்தின் தானியம்’ கண்ணில் படுவது எத்தனாவது தடவையோ.

மரத்தின் மேல் ஓடும் கோடுகளுக்கு ஆங்கிலத்தில் ‘கிரெயின்’. விதையைக் குறிக்கும் ‘கிரானும்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. விதை, மணல்மணி, சொரசொரப்பு என்று நகர்ந்து மரத்துக்கும் வந்து சேர்ந்தது. அவ்வளவுதான்.

தானியம் கணினி மொழிபெயர்ப்பின் கைங்கரியம், போகட்டும். என் வழக்கு ‘இழை’யோடுதான். படித்தவர்கள் யோசித்தே ‘இழைப் பொருத்தம்’ என்று எழுதுகிறார்கள். ஆசாரியிடம் போய் ‘இழை’ என்றால் இழைப்புளியைக் கையில் எடுத்துவிடுவார். பட்டறையில் இழைப்பது என்றால் மரத்தைச் சீவி வழவழப்பாக்குவது. அது போக, இழை என்றால் நார். நார் போகும் திசை வேறு, மேலே தெரியும் கோலம் வேறு. திசை மாற்றி இழைத்தால் சிராய் கிளம்பும். அந்த இடத்தில் ‘நார்’ சரி. பெட்டியில் பொருத்துவது கோலத்தை.

ஒரே பலகையிலிருந்து நான்கு பக்கங்களை வரிசை மாறாமல் அறுத்து, முனைகளை 45 பாகையில் சீவிச் சேர்த்தால், கோடுகள் மூன்று மூலைகளில் தொடர்ந்து ஓடும். நான்காவது மூலையில் பலகையின் தலையும் வாலும் முட்டிக்கொண்டு கோடு அறுந்து நிற்கும். அதற்கும் வழி உண்டு. ஒரு நீளப்பக்கமும் ஒரு அகலப்பக்கமும் சேர்ந்த நீளத்துக்கு ஒரு தடித்த பலகை எடுத்து, தடிமனை இரண்டாகப் பிளந்து, அறுத்த முகங்கள் வெளியே தெரியும்படி முனையோடு முனை விரித்து வைத்தால், ஒன்று மற்றதன் கண்ணாடி பிம்பம். நான்கு மூலையும் சேர்ந்துவிடும், ரம்பம் தின்ற மயிரிழை போக.

இந்தக் கோட்டுக்கு நல்ல தமிழ் ‘வரி’. புலியைக் ‘கொடுவரி’ என்றது சங்கத் தமிழ். ஆனால் ‘வரி சேர்த்த பெட்டி’ என்று விளம்பரம் எழுதிப் பாருங்கள், ஜிஎஸ்டி உட்பட என்றுதான் படிப்பார்கள். அதனால் என் ஓட்டு ‘ரேகை’க்கு. வடசொல்தான், ரகரம் தமிழில் மொழிக்கு முதலில் வராதுதான். வேண்டுமானால் ‘இரேகை’ என்று எழுதிக்கொள்ளுங்கள். உள்ளங்கையைக் காட்டினாலே புரிகிற சொல். ‘ரேகைப் பொருத்தம்’ ஜோசியம் மாதிரி ஒலிக்கும் என்பவர்கள் ‘ரேகை சேர்த்தல்’ என்று எழுதலாம்.

அப்புறம், ஆங்கிலத்தில் ‘பிளேன்’ எனப்படும் இழைப்புளி அதே காணொளியில் என்னவாகியிருந்தது தெரியுமா? ‘விமானத்தைப் பலகையின் மேல் மெதுவாகத் தள்ளவும்.’