ரெண்டும் ஹார்மோன் மாத்திரைதானேன்னு கேட்டாங்க

மாசி மகத்துக்கு முந்துன வாரம். எங்க மஞ்சக்குப்பம் மெடிக்கல்ல மாசாமாசம் மார்பக கேன்சருக்கான தமாக்சிஃபென் 20 மாத்திரை வாங்குற ஒரு அக்கா, மஞ்சப்பையிலேர்ந்து சீட்டை எடுத்து நீட்டிட்டு, குரலைத் தாழ்த்தி, "தம்பி, தீர்த்தவாரிக்கு தேவனாம்பட்டினம் போகணும், தேதி தள்ளிப்போற மாத்திரையும் மூணு நாளைக்குக் குடுங்க"ன்னாங்க. நான் தயங்குனதும், "டாக்டர் இந்தத் தமாக்சிஃபெனையும் ஹார்மோன் மாத்திரைன்னுதான் சொன்னாரு, ரெண்டும் ஒண்ணுதானே?"ன்னு கேட்டாங்க.

அவங்க மேல தப்பே இல்ல, நாமதான் அந்தப் பேரை வெச்சுக் குழப்பிட்டோம். தமாக்சிஃபென் ஹார்மோன் இல்ல, ஹார்மோனைத் தடுக்குற மாத்திரை. ரிப்போர்ட்ல ஈஆர் (ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர்) பாசிட்டிவ்னு இருந்தா அந்த கேன்சர் செல்லு ஈஸ்ட்ரோஜன்ங்கிற பெண் ஹார்மோனை வாங்கித்தான் வளருதுன்னு அர்த்தம். கடலூர் பஸ் ஸ்டாண்டுல ஜன்னல் வழியா துண்டைப் போட்டு சீட்டு புடிப்போம்ல, தமாக்சிஃபென் மார்புல செய்யுறது அதைத்தான். ஈஸ்ட்ரோஜன் ரத்தத்துல ஓடிக்கிட்டேதான் இருக்கும், ஆனா செல்லுல உக்கார எடம் கெடைக்காது. அதனாலதான் தெனம் ஒண்ணு, கொறைஞ்சது 5 வருஷம், சிலருக்கு 10 வருஷம்னு துண்டை எடுக்காம வெச்சிருக்கச் சொல்றாங்க.

தேதி தள்ளிப்போடுற நோரெத்திஸ்டிரோன் நெஜமாவே ஹார்மோன், உடம்புக்குள்ள போனதும் அதுல கொஞ்சம் ஈஸ்ட்ரோஜனாவே மாறும், மார்பக கேன்சர் வந்தவங்க அதை எடுக்கவே கூடாது. ரத்தம் உறையுற ஆபத்து தமாக்சிஃபென்லயே உண்டு, இது அதை இன்னும் ஏத்திவிடும். கர்ப்பத்தடை மாத்திரையும் வேணாம், ஆனா பீரியட்ஸ் நின்னுடுச்சேன்னு சும்மாவும் இருக்காதீங்க, தமாக்சிஃபென் எடுக்கும்போது கரு தங்குனா கொழந்தைக்கு ஆபத்து, காண்டமோ காப்பர் டியோ டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

இன்னொண்ணு, இதைத்தான் நெறைய பேரு கோட்டை விடுறாங்க. இந்த மாத்திரையால ராத்திரியில திடீர்னு உடம்பெல்லாம் அனலா கொதிக்கும், தூக்கம் போயிடும், மனசும் சோர்ந்துடும், ஒடனே வேற ஒரு டாக்டர்கிட்ட போவாங்க, தமாக்சிஃபென் சாப்பிடுறதை அங்க சொல்லமாட்டாங்க, அவரு மனச்சோர்வுக்கான பராக்ஸெட்டினோ ஃப்ளுஆக்ஸெட்டினோ எழுதிடுவாரு. தமாக்சிஃபென் கல்லீரல்ல போய் எண்டாக்ஸிஃபென்னா மாறுனாதான் முழு வேலை செய்யும், இந்த ரெண்டும் அந்த மாத்துற என்ஸைமையே அமுக்கிடும். அதுக்காக எந்த மாத்திரையையும் நீங்களா நிறுத்தாதீங்க, கேன்சர் டாக்டர்கிட்ட காட்டுங்க, வென்லாஃபாக்ஸின் மாதிரி இதுல அதிகம் தலையிடாத மாத்திரை இருக்கு.

இதே மார்பக கேன்சருக்குக் குடுக்குற லெட்ரோசோல் கதை வேற. மாதவிடாய் நின்னவங்களுக்கு கொழுப்புலயும் தசையிலயும் ஈஸ்ட்ரோஜன் உண்டாகும், அதை அடைக்குற மாத்திரை. பீரியட்ஸ் வர்றவங்க சூலகத்தை அடக்குற ஊசி இல்லாம இதை மட்டும் போட்டா சூலகம் இன்னும் தூண்டப்படும், கொழந்தைக்காக ட்ரீட்மெண்ட் எடுக்குறவங்களுக்கு இதே லெட்ரோசோலைத்தான் குடுக்குறாங்க. அதனால நாத்தனார் சாப்பிடுறதைப் பாத்து வாங்காதீங்க.

அந்தக்கா கடையில நின்னுக்கிட்டே அவங்க டாக்டருக்கு போன் போட்டாங்க, வேணவே வேணாம்னுட்டாரு. கொஞ்ச நேரம் சீட்டையே பாத்துக்கிட்டு நின்னாங்க, அப்புறம் தமாக்சிஃபென் மட்டும் மஞ்சப்பையில போட்டுக்கிட்டுப் போனாங்க.