டிரக் முகப்பில் தொங்கும் பிளக்

கனடாவின் வின்னிபெக் நகரத்தில் குளிர்காலத்தில் நிற்கும் வண்டிகளைக் கவனித்தால், முன்பக்க கிரில் வழியாக ஒரு வயர் வெளியே தொங்கும். நுனியில் மூன்று முள் பிளக். பல பார்க்கிங் இடங்களில் இதற்காகவே வரிசையாக சாக்கெட் வைத்திருப்பார்கள். மின்சார வண்டிக்கு சார்ஜ் ஏற்றுவதற்கு என்று நினைத்துவிட வேண்டாம், இது அதற்கெல்லாம் மிகவும் மூத்த ஏற்பாடு. ஜனவரி இரவுகளில் அங்கே மைனஸ் 20 டிகிரி சாதாரணம், மைனஸ் 30-உம் வந்து போகும். அந்தக் குளிரில் நிற்கும் இன்ஜினைச் சூடாக்கத்தான் இந்த பிளக். பெட்ரோல் வண்டிக்கு இது நல்ல உதவி. டீசல் டிரக்குக்கு இது இல்லாவிட்டால், காலையில் கிளம்புவதே சந்தேகம்.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் மேலே வந்து காற்றை ஏறக்குறைய பதினேழில் ஒரு பங்காக அமுக்கும். அமுங்கிய காற்று தானே சூடேறும், அதற்குள் டீசலைப் பீய்ச்சினால் பற்றிக்கொள்ளும். வெப்பம் துளிகூட வெளியே போகாது என்று வைத்துக் கணக்குப் போட்டால், 30 டிகிரியில் உள்ளே வரும் காற்று அமுங்கி முடியும்போது சுமார் 670 டிகிரிக்குப் போகும். மைனஸ் 30-இல் வரும் காற்று 480-ஐத்தான் எட்டும். நுழையும்போது 60 டிகிரி இருந்த வித்தியாசம், முடிவில் 190 ஆகிவிடுகிறது. அமுக்கும்போது வெப்பநிலை, கெல்வின் அளவில், பெருக்கல் கணக்கில் ஏறுவதுதான் காரணம்.

சரி, டீசல் 210 டிகிரி வாக்கிலேயே தானாகப் பற்றுமே, 480 போதாதா? காகிதத்தில் தாராளமாகப் போதும். ஆனால் காற்றைச் சுற்றி இருப்பது இரவெல்லாம் உறைந்த பல நூறு கிலோ இரும்பு. சூடேறும் காற்றிலிருந்து வெப்பத்தை அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆயில் குழகுழவென்று கெட்டியாகி பிஸ்டனைப் பிடித்து இழுக்கும். பேட்டரியோ மைனஸ் 18-இலேயே கிட்டத்தட்ட பாதி வலுவை இழந்திருக்கும். விளைவு, செல்ஃப் மெதுவாகத்தான் சுற்றும். பிஸ்டன் மெதுவாக ஏறினால் வெப்பம் சுவருக்குப் போகக் கூடுதல் நேரம் கிடைக்கிறது, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் இடுக்கு வழியாகக் காற்றும் கசிகிறது. சைலன்சரிலிருந்து வெள்ளைப் புகை வந்தால், அது பற்றாமல் வெளியேறும் டீசல் துளிகள். குளோ பிளக் உதவும்தான். ஆனால் அது எரிப்பு அறையில் ஒரு புள்ளியைச் சூடாக்குமே தவிர, இரும்பை ஒன்றும் செய்யாது.

இரும்பைச் சூடாக்குவது பிளாக் ஹீட்டரின் வேலை. இன்ஜின் பிளாக்கை மணல் அச்சில் வார்க்கும்போது ஏற்படும் துளைகளைப் பிறகு உலோகத் தட்டு வைத்து அடைப்பார்கள். அதில் ஒரு தட்டைக் கழற்றிவிட்டு ஹீட்டரைப் பொருத்துகிறார்கள். நம் ஊரில் வாளியில் போட்டுத் தண்ணீர் காயவைக்கும் ராடேதான், உருவத்தில் சின்னது. பிக்கப் வண்டிகளில் பெரும்பாலும் 400 முதல் 1,000 வாட், பெரிய டிரக்குகளில் 1,500 வரை. இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டுக்குள் மூழ்கியிருக்கும். பம்ப் ஓடாது, சூடான கூலண்ட் மேலே ஏறி, குளிர்ந்தது கீழே இறங்கி, தானாகவே சுற்றும். அமைதியான இடத்தில் பிளக்கைச் சொருகிவிட்டு பானெட் பக்கம் காதை வைத்தால், கொஞ்ச நேரத்தில் உள்ளே மெல்லிய "ஸ்ஸ்" சத்தம் கேட்கும். ஹீட்டர் வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ளச் செலவில்லாத வழி.

இரவு முழுக்கப் போட்டு வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அது வீண். மூன்று நான்கு மணி நேரத்தில் இன்ஜின் ஏறக்கூடிய அளவுக்குச் சூடேறிவிடும், அதன்பின் கொடுக்கும் வெப்பமெல்லாம் வெளிக்காற்றுக்குத்தான் போகிறது. 1,000 வாட் ஹீட்டர் பன்னிரண்டு மணி நேரத்துக்கு 12 யூனிட் தின்னும். டைமர் வைத்தால் 4 யூனிட்டில் முடிந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் டூராமேக்ஸ் டீசல் இன்ஜின் உள்ள பல டிரக்குகளில் வயரிலேயே ஒரு தெர்மோஸ்டாட் (வெப்பநிலையைப் பார்த்து இயங்கும் சுவிட்ச்) இருக்கிறது, சுமார் மைனஸ் 18-க்கு மேல் மின்சாரத்தையே விடாது. மைனஸ் 5-இல் சொருகிப் பார்த்துவிட்டு ஹீட்டர் கெட்டுப்போச்சு என்று அலைபவர்கள் உண்டு. 1,500 வாட்டுக்கு அந்த ஊர் 120 வோல்ட்டில் 12.5 ஆம்பியர் ஓடும் என்பதால் ஒல்லி எக்ஸ்டென்ஷன் வயர் கூடாது, அதுவே சூடாகிவிடும்.

இந்த யோசனை அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் வளர்ந்தது. கிராண்ட் ஃபோர்க்ஸைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன், சிலிண்டர் ஹெட்டின் ஒரு போல்ட்டுக்குப் பதிலாக ஹீட்டர் பொருத்திய போல்ட்டைப் போடும் முறைக்கு 1949-இல் காப்புரிமை பெற்றார்.

ஹீட்டர் தொடாத ஓர் இடம் டீசல் டேங்க். கடுங்குளிரில் டீசலில் இருக்கும் மெழுகு துகள் துகளாகப் பிரிந்து ஃபில்டரை அடைக்கும். இன்ஜின் சூடாக இருப்பதால் வண்டி ஜோராகக் கிளம்பும், லைனில் இருந்த டீசல் தீர்ந்ததும் நடுரோட்டில் நின்றுவிடும். அதற்குக் குளிர்கால டீசல்தான் போட வேண்டும், அதுவும் குளிர் வருவதற்கு முன்பே. மெழுகு பிரிந்த பிறகு மேலே நல்ல டீசலை ஊற்றினாலும் அடைத்த ஃபில்டர் திறக்காது, மாற்றித்தான் ஆக வேண்டும்.