கேட் மூடியாச்சு, உள்ளே நிற்பவருக்கு என்ன வழி? எழுத்து விளையாட்டில் நேரக் கட்டுப்பாடு

எழுத்தால் மட்டுமே நடக்கும் பலர் விளையாட்டை, அதாவது மட் வகையை, எழுதுபவர்கள் நேரக் கட்டுப்பாட்டை இரண்டு வரி வேலையாகத்தான் நினைக்கிறார்கள். கதவில் மணியைப் பார், பொருந்தாவிட்டால் தடு. அந்த இரண்டு வரி கதவை மட்டும்தான் காக்கும். ஆட்கள் வந்து சேர்வதோ வேறு நாலு வழியால்.

மஸ்கெலியா பக்கத்தை வைத்து ஓர் உலகம் கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நல்லதண்ணிக் கடைத்தெரு, அங்கிருந்து சிவனொளிபாதமலைப் படிக்கட்டு, பக்கத்தில் ஒரு தோட்டத்து ஸ்டோர். ஸ்டோர் காலை 6 முதல் மாலை 6 வரை. படிக்கட்டு இரவு 10 முதல் விடியற்காலை 4 வரை. (இது விளையாட்டின் விதி, நிஜ மலைக்கு இப்படிப் பூட்டு இல்லை.)

ஸ்டோருக்கு «6 <= மணி மற்றும் மணி < 18» சரியாக வேலை செய்யும். அதே அச்சில் படிக்கட்டுக்கு «22 <= மணி மற்றும் மணி < 4» என்று எழுதினால் அது ஒருபோதும் உண்மையாகாது. பிழைச் செய்தியும் வராது, பாதை சும்மா மூடியே கிடக்கும். தொடக்கம் முடிவைவிடப் பெரிதானால் 'மற்றும்' இருக்கும் இடத்தில் 'அல்லது' வரவேண்டும்: «மணி >= 22 அல்லது மணி < 4». மலைக்குப் போகும் காலமும் இதே சிக்கல்தான். டிசம்பர் போயாவில் (பௌர்ணமி நாளில்) தொடங்கி மே மாத வெசாக் போயாவில் முடிகிறது, அதாவது ஆண்டைத் தாண்டுகிறது. போயா நாள் ஆண்டுதோறும் நகர்வதால் மாத எண்ணை நம்பாமல் திகதிகளை ஓர் அட்டவணையில் வையுங்கள்.

அடுத்தது, எந்தக் கடிகாரம்? மட் கட்ட உதவும் பழைய மென்பொருளான சர்க்கிள்மட் குடும்பத்தில் விளையாட்டின் ஒரு மணித்தியாலம் 75 செக்கன், ஒரு நாள் 30 நிமிடம். படிக்கட்டு மூடியிருக்கும் 18 மணித்தியாலமும் இருபத்திரண்டரை நிமிடத்தில் ஓடிவிடும். பைத்தனில் மட் கட்ட உதவும் எவெனியாவின் இயல்பு வேகம் நிஜ நேரத்தைவிட இரண்டு மடங்கு, அங்கே அதே மூடல் நிஜத்தில் 9 மணித்தியாலம். வேலை முடிந்து வந்து ஒரு மணித்தியாலம் விளையாடுபவர் அந்தப் படிக்கட்டைப் பார்க்காமலே போகலாம். எவெனியாவில் சேர்வர் நின்றிருக்கும் நேரம் இயல்பாகக் கணக்கில் சேராது என்பதையும் மறக்கவேண்டாம். கரண்ட் போய் வந்தால் விளையாட்டுக் கடிகாரம் விட்ட இடத்திலிருந்துதான் ஓடும்.

நிஜ நேரத்தை வைத்துப் பூட்டுபவர்கள் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) ஓடும் சேர்வரில் மணியை மட்டும் பார்த்தால் மாட்டிக்கொள்வார்கள். நமக்கு மாலை 6 மணி அங்கே 12.30. அரை மணித்தியாலம் முழு எண்ணில் அடங்காது. நாளின் நிமிடக் கணக்கில், 0 முதல் 1439 வரை, ஒப்பிடுங்கள். ஐந்தரை மணித்தியால வித்தியாசத்தைக் கோடில் எழுதிவைக்காமல் 'ஏசியா/கொழும்பு' என்ற வலயப் பெயரையே கொடுங்கள். இலங்கை நேரம் 1996இலும் 2006இலும் மாற்றப்பட்டிருக்கிறது.

இனி முக்கியமான இடம். எவெனியாவில் வழியின் ட்ராவர்ஸ் பூட்டு, அதாவது யார் கடக்கலாம் என்று பார்க்கும் விதி, நடந்து வருபவரைத்தான் தடுக்கும். டெலிபோர்ட்டில் (நடக்காமல் நேரே இடம் மாறும் கட்டளையில்) வருபவர் அந்த வழியைத் தொடுவதே இல்லை. ஆகவே சோதனையை அறையிலேயே, ஆள் உள்ளே வருமுன் ஓடும் 'அட் ப்ரீ ஆப்ஜெக்ட் ரிசீவ்' என்ற ஹூக்கில் (தானாகக் கூப்பிடப்படும் கோட் துண்டில்) வையுங்கள். அது ஃபோல்ஸ் (இல்லை) என்று திருப்பினால் நகர்வு நின்றுவிடும். ஆனால் ஆளை 'மூவ் டு' என்ற செயற்கூறு வழியாக நகர்த்தினால்தான் அந்த ஹூக் ஓடும். யாராவது இருப்பிடத்தை நேரடியாக மாற்றி எழுதியிருந்தால் அது ஓடாது.

லொக் இன் இதற்குச் சரியான உதாரணம். மாலை 5.50க்கு ஸ்டோருக்குள் லொக் அவுட் செய்தவரை, திரும்ப வரும்போது எவெனியா பழைய அறையிலேயே நேரடியாக இறக்கிவிடும். 'ப்ரீ' ஹூக் கூப்பிடப்படாது, வந்த பிறகு ஓடும் 'அட் ஆப்ஜெக்ட் ரிசீவ்' மட்டும் ஓடும். அங்கேயும் நேரத்தைப் பார்த்து, தவறான நேரமென்றால் ஆளைக் கேட்டுக்கு வெளியே வைக்கவேண்டும். இதைத் தெரிந்துகொண்ட விளையாட்டுக்காரர் வேண்டுமென்றே உள்ளே படுத்து இரவில் எழும்புவார். அது திருட்டு வழியா, திறமையா என்று நீங்கள்தான் தீர்மானிக்கவேண்டும். தெரியாமல் விட்டுவைப்பது மட்டும் கூடாது.

மூடும் நேரத்தில் உள்ளே நிற்பவரை என்ன செய்வது? வெளியே போகும் வழியை ஒருநாளும் நேரத்தால் பூட்டாதீர்கள். மழைக்கு லைன் அறுந்து, ஆள் அசையாமல் நிற்பது நம் பக்கத்தில் சாதாரணம். அவர் திரும்பி வரும்போது சிறைக்குள் இருக்கக்கூடாது. எவெனியாவில் போகும் வழியும் வரும் வழியும் இரண்டு தனிப் பொருட்கள் என்பதால், உள்வழிக்கு மட்டும் பூட்டுப் போடுவது சுலபம். ஆட்களை வெளியேற்றவே வேண்டுமென்றால் முதலில் சங்கை ஊதுங்கள். சர்க்கிள்மட்டில் ஒரு மணித்தியாலம் முன்னால் என்றாலும் கிடைப்பது 75 செக்கன்தான்.

தடுக்கும் செய்தியில் திறக்கும் நேரம் இருக்கட்டும். 'போக முடியாது' என்று மட்டும் வந்தால் வழி உடைந்துவிட்டதென்று அட்மினுக்கு முறைப்பாடு வரும். 'ஸ்டோர் கேட் பூட்டியிருக்கு. காலையில ஆறு மணிக்கு வாங்க' என்று காவற்காரன் சொன்னால் பிரச்சினையே இல்லை.

சோதிக்கும்போது எல்லா அதிகாரமும் உள்ள சூப்பர்யூசராக நடந்து பார்க்காதீர்கள், பூட்டுகள் எதுவும் அவருக்குச் செல்லாது. அந்த அதிகாரத்தைத் தற்காலிகமாக ஒதுக்கிவைக்கும் 'க்வெல்' கட்டளையைக் கொடுத்துவிட்டு, அல்லது சாதாரணக் கணக்கில், 5.59, 6.00, 17.59, 18.00, நள்ளிரவு 0.00 ஆகிய நேரங்களில் நடந்தும் டெலிபோர்ட்டிலும் லொக் இன் செய்தும் பாருங்கள்.